பாண்டியில் ஒரு ‘பனே’ வேட்டை!

‘‘தம்பி... நீ ஊரெல்லாம் பைக்ல சுத்துறியே, எங்கியாச்சும் பனே கிடைக்குதான்னு பாரேன்!’’

பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா இப்படிக் கேட்டது போன மார்ச் மாதம். என் காதில் விழுந்தது ‘பானை’. ‘இவ்ளோதானா மேட்டரு’ என்று கிளம்பி, அரை மணி நேரத்தில் ஒரு மண்பானையோடு போய் நின்றேன். தாத்தா பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்க ஒரு சிரிப்பு... பல்செட் கழன்று விழாதது ஒன்றுதான் பாக்கி!

‘‘பானை இல்லடா, பனே! வெள்ளையா இருக்கும், கேரட் மாதிரி. ஆனா கேரட் இல்ல. முள்ளங்கி மாதிரி. ஆனா முள்ளங்கியும் இல்ல!’’

விடுகதை மாதிரி இருக்குல்ல? அந்த விடுகதைக்கு விடை தேடி எட்டு மாசம் அலைந்த கதைதான் இது. நடுவில் ஒரு செமஸ்டர் வந்தது, அதில் எனக்கு ஒரு அரியரும் விழுந்தது. அதற்கும் பனேவுக்கும் சம்பந்தமே இல்லை என்று அம்மாவிடம் இன்றைக்கும் சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சின்ன பிரேக். ‘சொல்தா’ என்றால் பிரெஞ்சில் சிப்பாய். 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ‘எனக்கு பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேணும்’ என்பவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்து பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு எங்கள் தெருக்களில் இதுதான் பட்டப்பெயர். எங்கள் தாத்தாவும் அதில் ஒருத்தர். காலையில் நீளமான ரொட்டி, மத்தியானம் மீன் குழம்பு, சாயங்காலம் பெத்தாங்க். வழவழ இரும்பு உருண்டையை உருட்டி விளையாடுவார்களே, அதேதான்!

‘‘எதுக்கு தாத்தா இப்ப திடீர்னு பனே?’’ என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

‘‘பிரெத்தாஞ் பக்கம் ஒரு ஊர்ல குடியிருந்தோம். சரியான குளிரு. வீட்டுக்கார மதாம் உங்க பாட்டிக்கு பனே சூப் வைக்கக் கத்துக்குடுத்துச்சு. பாட்டி சும்மா இருப்பாளா? ஊர்ல இருந்து எடுத்துட்டுப் போன வடகத்தை அதுல தாளிச்சு விட்டா. அந்த மதாமே கிண்ணத்தை நீட்டி நீட்டி வாங்கிக் குடிச்சுது. இங்க வந்தப்புறம் நாப்பது வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தா... ‘ஏங்க, அந்த வெள்ளைக் கேரட் இங்க எங்கியும் கிடைக்காதா?’ன்னு. நானும் ‘பாக்கலாம், பாக்கலாம்’னே சொல்லிட்டேன். ஒருநாள்கூடப் போய்ப் பாக்கல.’’

பாட்டி போன வருஷம் இறந்துபோனார். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்கு வீட்டில் அந்த சூப் வைக்க வேண்டும். தாத்தாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

‘‘டைம் இருக்கு தாத்தா, டோன்ட் வொரி!’’ என்று வாயை விட்டேன். மாட்டினேன்!

முள்ளங்கி வேணுமா... டர்னிப் வேணுமா?

முதல் ஸ்டாப், எங்க ஊரு கூபேர் மார்க்கெட். பெரிசுகளுக்கு இன்னமும் அது ‘பெரிய மார்க்கெட்’தான். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே, மீன் வாசமும் மல்லிகை வாசமும் கட்டிப் புரளும் அந்தச் சந்துகளில் நுழைந்தேன்.

முதல் கடை அக்கா, ‘‘வெள்ளைக் கேரட்டா? கேரட்டு வெளுத்துப்போனா நாங்க மாட்டுக்குப் போட்டுருவோம் தம்பி’’ என்றார். இரண்டாவது கடையில் முள்ளங்கியைக் கையில் திணித்தார்கள். மூன்றாவது கடையில் டர்னிப்பை நீட்டினார்கள். நாலாவது கடை அண்ணன்தான் கொஞ்சம் விவரம். ‘இங்கிலீஷ் காய்’ ஸ்பெஷலிஸ்ட். லீக்ஸ், செலரி, ஐஸ்பெர்க், சிவப்பு முட்டைக்கோஸ் என்று அடுக்கி வைத்திருந்தார். செல்போனில் பனே படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, ‘‘பார்ஸ்னிப்புதானே இது? ஒரு ஃபிரெஞ்சுக்கார அம்மா அடிக்கடி கேக்கும். ஊட்டி லாரியில என்ன வருதோ அதைத்தான் நான் விக்க முடியும். இது ஏறினதே இல்ல’’ என்றார்.

ஆக, இங்கிலீஷில் பார்ஸ்னிப், பிரெஞ்சில் பனே. தமிழில் பெயரே இல்லை! பெயர் இல்லாத பொருளை மார்க்கெட்டில் எப்படிக் கேட்பது சொல்லுங்கள்?

ஒயிட் டவுனில் பிரெஞ்சு சாப்பாடு போடும் ஓட்டல் ஒன்றின் சமையல்காரரையும் விடவில்லை. பின்வாசலில் காத்திருந்து பிடித்தேன். ‘‘வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாம் தம்பி. கேரட் விலைக்குப் பல மடங்கு ஆகும். வாரத்துக்கு ரெண்டு பேரு கேப்பாங்க, மீதி அழுகிப்போகும். நாங்க கேரட்டையும் உருளையையும் சேர்த்து ஒப்பேத்திடுவோம்’’ என்றார். தாத்தாவிடம் வந்து இதைச் சொன்னதும், ‘‘ஒப்பேத்துறதுக்கு எதுக்குடா இந்த வேலை?’’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அஞ்சறைப்பெட்டிச் சொந்தக்காரன்

கிடைக்காவிட்டால் என்ன, அது என்னதான் என்று தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். நான் மெக்கானிக்கல் ஸ்டூடன்ட். பிளஸ் டூ பாட்டனிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால், படிக்கப் படிக்க சுவாரஸ்யம்!

பனேவின் அறிவியல் பெயர் பாஸ்டினாகா சடைவா. கேரட் குடும்பம். இந்தக் குடும்பத்தில் 3,700-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. குடும்ப அடையாளம், பூங்கொத்து. ஒரே புள்ளியிலிருந்து கம்பிகள் கிளம்பி விரித்த குடை மாதிரி இருக்கும். கொத்தமல்லி பூத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், சதகுப்பை... எல்லாமே ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டியே ஒரு கேரட் குடும்ப ரேஷன் கார்டு! ஞாபகசக்திக்கு என்று அம்மா அரைத்துக் கொடுத்த வல்லாரையும் இதே வம்சம். (எனக்கு வேலை செய்யவில்லை. மேலே சொன்ன அரியரைக் கவனிக்க.)

இதில் டாப், பெருங்காயம்! ஃபெருலா என்கிற செடியின் தடித்த வேரைக் கீறிவிட்டு, வழிகிற பாலை உறையவைத்து எடுப்பதுதான் அது. அதாவது ‘கேரட் குடும்பத்து வேரெல்லாம் வெள்ளைக்காரன் சாப்பாடு’ என்று சொல்லும் நாம், தினமும் சாம்பாரில் அந்தக் குடும்பத்து வேர்ப்பாலைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவும் நம்ம மண்ணில் விளைந்தது இல்லை. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 1,200 டன் மூலப் பெருங்காயம், ஏறக்குறைய 600 கோடி ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று 2020-ல் கணக்குச் சொன்னார்கள். அந்த வருஷம் அக்டோபரில்தான் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில், பாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் முதல் பெருங்காயக் கன்றை நட்டார்கள். இத்தனை நூற்றாண்டாகத் தாளித்த நாட்டில், முதல் கன்று 2020-ல்!

ஒரு வில்லனும் உண்டு. சாக்ரடீஸுக்குக் கொடுத்த விஷம் இருக்கிறதே, ஹெம்லாக், அதுவும் இதே குடும்பம்தான். அதனால் மலைப்பக்கம் டூர் போகும் நண்பர்களே, கேரட் இலை மாதிரி இருக்கிறதே என்று கண்ட செடியைப் பிடுங்கிக் கடிக்க வேண்டாம்.

பனேவோட பழைய பயோடேட்டாவும் பெரிசு. ரோமானியர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கேரட் பல இடங்களில் வெளுப்பாகவே இருந்ததால், இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டுக் குழப்பியும் வைத்திருக்கிறார்கள். திபேரியஸ் சக்கரவர்த்தி, ரைன் நதிக்கரையிலிருந்து இந்தக் குடும்பத்துக் கிழங்கு ஒன்றை வருஷா வருஷம் வரவழைத்துச் சாப்பிட்டாராம். அது பனேவா, அதன் தம்பி ஸ்கிரெட்டா என்று பண்டிதர்களுக்குள் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது. கரும்புச் சர்க்கரை பணக்காரர்களின் பண்டமாக இருந்த காலத்தில், ஐரோப்பாவில் இனிப்புப் பலகாரத்துக்கும் பாகுக்கும் பனேவைப் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் எப்படி மார்க்கெட் போச்சு? உருளைக்கிழங்கு வந்தது, வயிற்றை நிரப்பும் வேலையைப் பறித்தது. பீட்ரூட்டில் சர்க்கரை இருப்பதை 1747-ல் ஜெர்மனிக்காரர் மார்கிராஃப் கண்டுபிடித்தார். பிரிட்டனோடு சண்டையில் கரும்புச் சர்க்கரை வராமல் போனபோது, நெப்போலியன் பீட்ரூட்டைத் தூக்கி விட்டார். இனிப்பு வேலையும் போச்சு. பிரான்ஸில் பல ஊர்களில் பனே மாட்டுத் தீவனம் ஆனது. பிரெத்தாஞ் மாதிரி சில பக்கங்களில் மட்டும் வீட்டுச் சமையலில் ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச வருஷங்களாக ‘மறந்துபோன காய்கள்’ என்று பெயர் வைத்து அங்கே திரும்பவும் தூசு தட்டுகிறார்கள். நம்ம ஊரில் கம்பும் கேழ்வரகும் ஸ்டார் ஓட்டலுக்குள் போன மாதிரி.

பிரிட்டனில் இன்னொரு கூத்து. இரண்டாம் உலகப் போரில் 1940-ல் வாழைப்பழ இறக்குமதி நின்றுபோனது. பனேவை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் வாழைப்பழ எசென்ஸும் கலந்து ‘இதுதான் வாழைப்பழம்’ என்று பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தார் தாராக வாழை தொங்கும் ஊர்க்காரனுக்கு இதைப் படிக்கப் பாவமாக இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இது. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் விவசாயக் கல்லூரியின் பேராசிரியர் ஜேம்ஸ் பக்மன், 1847-ல் காட்டுப் பனே விதையைப் பொறுக்கி வந்து, வருஷா வருஷம் நல்ல வேராகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து ஒரு ரகத்தை உருவாக்கினார். 1860-ல் சட்டன்ஸ் விதைக் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரகத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘ஸ்டூடன்ட்’! காட்டுத்தனமாக வந்து, பதிமூணு வருஷம் கல்லூரியிலேயே இருந்து, ஒருவழியாக உருப்பட்ட ஜீவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

சத்துக் கணக்கும் பார்த்துவிடலாம். 100 கிராம் பனேவில் சுமார் 75 கலோரி. கேரட்டில் 41-தான். நார்ச்சத்து 5 கிராம் பக்கம், வைட்டமின் சி 17 மில்லிகிராம், பொட்டாசியம் 375 மில்லிகிராம். ஆனால், கண்ணுக்கு நல்லது என்று கேரட்டைச் சொல்கிறோமே, அந்த பீட்டா கரோட்டின் பனேவில் கிட்டத்தட்ட பூஜ்யம். வெள்ளைக்குக் காரணமே அதுதான்.

மொட்டைமாடியில் மோசம் போன விவசாயி

கிடைக்காததை வளர்த்தால் என்ன? ஏப்ரலில் ஆன்லைனில் ஒரு பாக்கெட் விதை வாங்கினேன். மொட்டைமாடியில் ஆறு குரோ பேக். தேங்காய்நார், மண்புழு உரம், மணல் என்று ஃபார்முலா போட்டு கலந்தேன். தினமும் காலையில் தாத்தா கைத்தடியோடு மாடியேறி வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு வாரம்... இரண்டு வாரம்... ஒரு மாசம். ஆறு பையிலும் முளைத்தது ஒன்றே ஒன்று. ஆவலாகப் பார்த்தால், அது குப்பைமேனி!

ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. பனே விதைக்கு ஆயுசு கம்மி. பெரும்பாலும் ஒரு வருஷம்தான். அதற்கு மேல் வைத்தால் முளைப்பது லாட்டரி. என் பாக்கெட் எத்தனை வருஷம் எந்த குடோனில் கிடந்ததோ! அதோடு, முளைக்கவே மூணு வாரம்வரை எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. அதுவும் 10-லிருந்து 20 டிகிரி குளிர்ச்சி இருந்தால்தான் கண் திறக்கும். எங்கள் மொட்டைமாடித் தரை ஏப்ரலில் தோசைக்கல். வெறும் காலோடு நிற்க முடியாத இடத்தில் விதை மட்டும் எப்படி நிற்கும்?

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. ‘‘பரவால்ல தம்பி, நீயாவது தேடுன’’ என்றார். அந்த ‘நீயாவது’ இருக்கிறதே... ராத்திரி தூக்கம் வரவில்லை.

பாண்டி டு கேத்தி

அப்போதுதான் ஹாஸ்டல் நண்பன் ஞாபகம் வந்தது. ஊட்டி பக்கத்தில் கேத்திக்காரன். அப்பாவுக்குக் கேரட் தோட்டம். விஷயத்தைச் சொன்னதும், ‘‘மச்சி, விதையை வாங்கிட்டு வா. எங்கப்பா ஒத்துக்குவாரான்னு தெரியாது, ஆனா சாப்பாடு கேரன்டி’’ என்றான். இந்த முறை பாக்கெட்டில் தேதி பார்த்து, புது விதையாக வாங்கினேன். மே மாதம் பஸ் ஏறினோம்.

ஒரு சரித்திரக் கொசுறு. பாண்டிக்கும் கேத்திக்கும் தொடர்பு புதுசு இல்லை. ஐரோப்பியக் காய், கனி, தானியங்களை வளர்த்துப் பார்க்க 1830-ல் மெட்ராஸ் கவர்னர் லஷிங்டன் கேத்தியில் ஒரு அரசுப் பண்ணையே போட்டார். 1836-ல் அதை மூடிவிட்டு, கட்டடத்தை வாடகைக்கு விட்டார்கள். குடி போனவர் யார் தெரியுமா? அப்போதைய பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் செயின்ட் சைமன்! அதே காலத்தில் நீலகிரியைச் சுற்றிச் சுற்றிச் செடி சேகரித்தவர் பெரோத்தே என்கிற தாவர நிபுணர். அவர் பிற்பாடு பாண்டியிலேயே தங்கி, எங்கள் தாவரவியல் பூங்காவை வளர்த்து, 1870-ல் இங்கேயே கண்ணை மூடினார். ஸோ, குளிரும் செடியும் தேடி பாண்டியிலிருந்து கேத்திக்குப் போனதில் நான் ஒன்றும் முதல் ஆள் இல்லை.

ஊட்டி தாவரவியல் பூங்காவின் கதையும் காய்கறியில்தான் ஆரம்பம். 1845-ல் ஊட்டியிலிருந்த வெள்ளைக்காரர்கள் தலைக்கு மாசம் 3 ரூபாய் சந்தா போட்டு, தங்கள் சாப்பாட்டுக்காக ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்கு நாமெல்லாம் செல்ஃபி எடுக்கும் பூங்கா. அவர்கள் கொண்டுவந்த காய்களை மலையில் இன்றைக்கும் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்றே சொல்கிறார்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் கீழே இறங்கி நம்ம வீட்டுப் பொரியல் ஆயாச்சு. பனே மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது.

ஏன்? நண்பனின் அப்பா கேரட் பாத்தியில் குந்தி உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டார். ‘‘கேரட்டு நூறு நாள்ல கைக்கு வந்துரும் தம்பி. நீங்க சொல்றது அஞ்சு மாசம் இழுக்கும். முளைக்கவே மூணு வாரம்னா, அதுக்குள்ள களை வந்து மூடிரும். களை எடுக்க ஆள்கூலி யாரு குடுக்கிறது? எல்லாம் பண்ணி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டு போனா, மூட்டையைப் பிரிச்சுப் பாத்துட்டு முள்ளங்கி வெலை போடுவான்!’’

மறுநாள் விடியற்காலை மூணு மணிக்கு என்னை எழுப்பிக் கூட்டிப் போனார். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, அந்தக் குளிரில் ஆட்கள் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மெஷினில் கழுவி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி மண்டிக்குப் போக வேண்டும். பின்னால் எங்கோ காட்டெருமை உறுமுகிற சத்தம். மண்டியில் ஒரு நாள் விலை ஏறும், மறுநாள் பாதியாக விழும். ‘‘கேரட்டுக்கே இந்தக் கதி. இதுல பேரு தெரியாத காயை எவன் நடுவான்?’’ என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிலோ பத்து ரூபாய்க்கு விற்றால் நானும் பேரம் பேசுகிற ஆள்தானே!

மத்தியானம் சாப்பிடும்போது தாத்தா கதையைச் சொன்னேன். வடகம் தாளித்த கதை, மதாம் கிண்ணம் நீட்டிய கதை, நாற்பது வருஷக் கதை. கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர், கை கழுவிவிட்டு வந்து, ‘‘ஓரமா ரெண்டு பாத்தி இருக்கு. போடுங்க’’ என்றார். அவ்வளவுதான் பேச்சு!

கையில் விழுந்த கோடு

விதைத்தோம். ஈரச் சாக்கைப் பாத்தியில் விரித்து மூடினோம். பத்தொன்பதாவது நாள் நண்பன் போனில் அலறினான்... ‘‘மச்சீ, மொளைச்சிருச்சுடா!’’ வகுப்பில் இருந்தேன். நானும் அலறினேன். வெளியே அனுப்பப்பட்டேன்.

ஜூலையில் போய்ப் பயிர் கலைத்துவிட்டோம். கேரட்டுக்குச் செய்கிற மாதிரிதான், நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கி இடைவெளி விடுவது. அரைக்கை டி-ஷர்ட், மலை வெயில், ஜாலியாக வேலை பார்த்தேன். இரண்டு நாள் கழித்து மணிக்கட்டில் எரிச்சல், கோடு கோடாகச் சிவப்பு, அப்புறம் கொப்புளம். அது மறைந்து பழுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. பனே இலையிலும் தண்டிலும் உள்ள சாற்றில் ஃபுரானோகூமரின் என்கிற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் நெருப்புச் சுட்ட மாதிரி ஆகிவிடும். கிழங்கைத் தோல் சீவிச் சமைத்துச் சாப்பிடப் பயமில்லை, தோட்ட வேலைக்கு மட்டும் முழுக்கையும் கையுறையும் கட்டாயம். முன்னாடியே படித்திருந்தேன்... படித்ததைச் செய்தால் நாம ஏன் அரியர் வைக்கப்போறோம்?

அக்டோபர் இரண்டாவது வாரம் தோண்டினோம். முள்கரண்டி போட்டு மண்ணை நெம்பி, நண்பனின் அப்பா முதல் கிழங்கை இழுத்தார். தந்த நிறம். தோள் அகலம், வால் நீளம். ஒடித்து மோந்து பார்த்தார். ‘‘கேரட்டும் சோம்பும் கலந்தாப்ல வாசம் வருதே!’’ மொத்தம் 31 கிழங்கு. பாதி நேராக வந்திருந்தது. மீதி, கல்லில் முட்டி இரண்டு கால் மூன்று காலாகப் பிரிந்து, பேன்ட் போட்ட மாதிரி நின்றது. எல்லாம் சேர்த்து நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஐந்து செடியை மட்டும் பிடுங்காமல் விட்டார். பனே இரண்டாவது வருஷம்தான் பூத்து விதை கொடுக்கும். ‘‘சும்மா... எப்படிப் பூக்குதுன்னு பாப்போமே’’ என்றார். முள்ளங்கி விலை பேசிய அதே மனுஷன்!

ஃபிரிட்ஜுக்குள் ஒரு மார்கழி

பச்சையாக ஒரு துண்டு கடித்தேன். சப்பென்று இருந்தது. பகீர் என்றது எனக்கு. இதற்கா எட்டு மாசம்?

இங்கேதான் கொஞ்சம் இன்ஜினீயரிங் மூளை வேலை செய்தது. பனே இனிப்பது உறைபனி பட்ட பிறகுதான். கடும் குளிரில் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, கிழங்கில் சேர்த்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கலந்த தண்ணீர் லேசில் உறையாது இல்லையா, அந்த டெக்னிக்! நீலகிரியில் உறைபனி டிசம்பர், ஜனவரியில். நமக்கோ நவம்பர் 2 டெட்லைன். ஆனால், பனிக்காலம் வர வேண்டியதில்லை, பிடுங்கிய கிழங்கை இரண்டு வாரம் ஃபிரிட்ஜில் வைத்தாலும் அதே வேலை நடக்கும். ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டு, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டை முழுசாகப் பிடித்தேன். அம்மாவின் மாவுப் பாத்திரம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. அது தனிக்கதை.

பதினைந்தாவது நாள் ஒரு துண்டு கடித்தேன். அட... அட! கேரட்டைவிட இனிப்பு. பின்னாலேயே லேசாக ஒரு காரமும் சோம்பு வாசமும். தாத்தாவிடம் ஒரு துண்டைக் கொடுத்தேன். கண்ணை மூடி மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

அந்த சூப்

நவம்பர் 2. எங்கள் அம்மா சமைக்க, தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து டைரக்‌ஷன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். அரை கிலோ பனேவைத் தோல் சீவித் துண்டு போடவும். நடுத்தண்டு நார்நாராக இருந்தால் எடுத்துவிடவும். வெண்ணெயில் ஒரு பெரிய வெங்காயம், ஒரு உருளைக்கிழங்கு, பனே எல்லாவற்றையும் போட்டு நிறம் மாறாமல் வதக்கி, தண்ணீர் ஊற்றி வேகவிடவும். குழைந்ததும் கடைந்து, ஒரு டம்ளர் பால் ஊற்றி, உப்பு, மிளகுத்தூள். மதாம் ரெசிபி இங்கே முடிகிறது. பாட்டி ரெசிபி இனிமேல்தான். ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளிப்பு வடகத்தை உதிர்த்துப் போட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் சிவந்து மணக்கும்போது அப்படியே சூப்பில் கொட்ட வேண்டும். பனே இல்லாதவர்கள்? ஒப்பேத்த வேண்டாம், கேரட்டில் கேரட் சூப்பே வையுங்கள். வடகம் அதற்கும் ஜோர்.

தாத்தா முதல் வாய் குடித்தார். நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

‘‘உப்பு கொஞ்சம் தூக்கல்’’ என்றார். அப்புறம் கிண்ணத்தை நீட்டினார். மறுபடியும் நீட்டினார்.

சாயங்காலம் அவரை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சாமந்தி மாலை, மெழுகுவத்தி, ஊதுபத்தி, ஊரே அங்கேதான் இருந்தது. பாட்டி கல்லறையைக் கழுவிப் பூ வைத்த பிறகு, தாத்தா ஜிப்பா பையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே, இருந்ததிலேயே நேரான ஒரு கிழங்கு. எனக்குத் தெரியாமல் ஃபிரிட்ஜிலிருந்து எப்போது எடுத்தாரோ! பூவுக்கு நடுவில் அதை வைத்தார்.

பக்கத்துக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ‘‘என்னாங்க பெரியவரே, முள்ளங்கியப் போயி வெச்சிருக்கீங்க?’’ என்றார்.

‘‘முள்ளங்கி இல்லம்மா...’’ என்றார் தாத்தா. ‘‘பனே!’’